பேசத் தெரிந்த சபைகளுக்கு ஒரு நன்றி மடல்

கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி, ஓசூர், மத்திகிரி, பாகலூர் வட்டாரத்துச் சபைகளில் உழைக்கும் மூப்பர்களே, உபதேசியார்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களே, வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளே, போதகர்களே,



திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்த எல்லைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே பிள்ளைகளுக்குத் திடப்படுத்தலும் நடத்தி, இனி இந்த மண்ணில்தான் கல்லறை என்று முடிவு செய்துகொண்டவர்களில் நானும் ஒருவன். நம் சபைகளில் நன்றி சொல்ல இரண்டு வேளைகள் வைத்திருக்கிறோம். ஒன்று பணி நிறைவில் சால்வை போர்த்தும் நேரம். மற்றது அடக்க ஆராதனையில் இரங்கலுரை வாசிக்கும் நேரம். உங்களில் பலர் எந்தப் பொறுப்பிலும் பெயர் எழுதப்படாதவர்கள். உங்களுக்குச் சால்வை வராது. இரங்கலுரை வரைக்கும் காத்திருப்பதும் நியாயமில்லை. ஆகவே, நீங்கள் உயிரோடும் உழைப்போடும் இருக்கும்போதே, எல்லோரும் வாசிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் எந்தத் திருச்சபையின் பெயர்ப்பலகையின் கீழ் கூடுகிறவர்களானாலும் இது உங்களுக்குத்தான்.

எதற்காக நன்றி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைக்குள் மனிதர்கள் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேசும்படி வைத்திருக்கிறீர்களே, அதற்காக.

ஒரு சபை உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை வந்த தலைகளை எண்ணுகிறோம்; கோபுரத்தின் உயரத்தையும் காணிக்கையின் கனத்தையும் பார்க்கிறோம். நான் பார்க்கக் கற்றுக்கொண்டது வேறு. அங்கே ஒருவருக்கு மனத்தாங்கல் வந்தால் அதை யாரிடம் சொல்கிறார்? கேட்டவர் அதை என்ன செய்கிறார்? புதிதாக வந்தவருடைய பெயர் எத்தனை வாரத்தில் பிறர் வாயில் வருகிறது? கணக்கைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால் அடுத்த வாரமும் அவருக்கு அதே புன்னகை கிடைக்கிறதா? இவற்றுக்கு நல்ல பதில் உள்ள சபை, நாற்பது பேர் கூடும் ஓட்டுக் கட்டடமாக இருந்தாலும் உயிருள்ளது.

நம் வட்டாரத்துச் சபை வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயமே கருத்து வேறுபாட்டில்தான் தொடங்கியது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் சார்பில் தமிழ்நாட்டில் ஊழியம் செய்துகொண்டிருந்தவர்கள் தியோடர் நேதரும் ஃபிரான்ஸ் மோனும். வேதாகமம் தேவ ஏவுதலால் எழுதப்பட்டது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வியில் மிஷனுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. நம்பியதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சம்பளத்துக்காக வேலை பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மிஷனோடு இருந்த உறவு அறுந்தது. 1894இல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சினாடு அவர்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1895இல், அன்றைய சேலம் மாவட்டத்தின் சிற்றூரான கிருஷ்ணகிரியில் நேதர் பணியைத் தொடங்கினார். அங்கே விழுந்த விதைதான் ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று பரவி, 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைப்புப் பெற்றது.

நேதர் நெடுநாள் இருக்கவில்லை. 1898இல் பெங்களூருக்குள் நுழைந்த பிளேக், சுற்று வட்டாரத்தை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. 1904இல் கிருஷ்ணகிரியில் அந்த நோயிலேயே நேதர் இறந்தார். அவருடைய இறையியலோடு உடன்படாதவர்களும் நம்மில் இருக்கலாம். அது வேறு பேச்சு. கருத்து வேறுபாட்டை ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அதற்கான விலையையும் கொடுத்த ஒருவர் நம் மண்ணில் அடித்தளம் போட்டார். அந்த நேர்மைக்கு வாரிசுகளாக உங்களைப் பார்க்கிறேன்.

அந்த மிஷனரிகள் கொண்டுவந்த புத்தகங்களில் சின்னதும் கெட்டியானதும் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். அவர் அதை எழுதியது 1529இல். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு அவர் தரும் விளக்கம், பொய் பேசக்கூடாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. அயலானைக் காட்டிக்கொடுக்காமலும் அவன் பெயரைக் கெடுக்காமலும் இருப்பது ஒரு பாதி. அவனுக்காகப் பரிந்து பேசுவதும், அவன் செய்ததை இயன்றவரை நல்ல விதமாக எடுத்துக்கொள்வதும் மறு பாதி. திடப்படுத்தல் வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்களே, உங்களுக்கு முதல் நன்றி. மனப்பாடத்தோடு விடாமல், "நேற்று உன் சிநேகிதியைப் பற்றி இன்னொருத்தி குறை சொன்னபோது நீ என்ன பதில் சொன்னாய்?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விக்காகவும் நன்றி. பதின்மூன்று வயதில் அதற்குப் பதில் தேடப் பழகியவர்கள்தான் நாளைக்குச் சபைக் கமிட்டியில் உட்காரப் போகிறவர்கள்.

லுத்தரின் வழியில் வந்த இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். நாஜி ஆட்சிக் காலத்தில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் போதகர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார் டீட்ரிக் போன்ஹோஃபர். 1937இல் கெஸ்டாப்போ அதை மூடிவிட்டது. அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. அங்கே இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக்கூடாது; தவறிப் பேசிவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். எளிய விதிதான். ஆனால், அதைக் கைக்கொள்வது கடினமாக இருந்ததாகவும், அதிலிருந்து தாங்கள் நிறையக் கற்றதாகவும் அங்கே பயின்றவர்கள் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். 1939இல் வெளியான தம் நூலில் போன்ஹோஃபர், ஐக்கியத்தில் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய முதல் ஊழியம் காதுகொடுத்துக் கேட்பது என்கிறார். பேசுவதையே ஊழியம் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வேண்டிய வார்த்தை.

இந்த விதியைப் படிக்காமலேயே கைக்கொள்ளும் மூப்பர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் வந்து, "அண்ணாச்சி, அவன் இப்படிப் பண்ணிட்டான்" என்று ஆரம்பிப்பார். மூப்பர் முழுவதும் கேட்பார். கேட்டு முடித்து, "அவன்கிட்ட சொன்னீங்களா?" என்பார். இல்லை என்றால், "முதல்ல நீங்க போய்ப் பேசுங்க. சரிவரலன்னா நானும் வாரேன்" என்று எழுந்துவிடுவார். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லித்தந்த வரிசை அதுதான்: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதற்கும் பிறகுதான் சபை. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். முதலில் ஊருக்கெல்லாம் சொல்கிறோம். பிறகு நமக்கு வேண்டிய ஓரிருவரைச் சேர்க்கிறோம். சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. வரிசையை நேராக்கித் தரும் மூப்பர்களே, உங்களால் எத்தனையோ கோஷ்டிகள் பிறக்காமலே போயிருக்கின்றன. பிறக்காத சண்டைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

மொட்டைக் கடிதங்களைப் பிரித்துப் படிக்க மறுத்த செயலர்களுக்கும் நன்றி. கொரிந்து சபைச் சண்டையைப் பற்றிப் பவுல் எழுதும்போது, குலோவேயாளின் வீட்டாரிடமிருந்து கேள்விப்பட்டேன் என்று செய்தி வந்த வழியைப் பெயரோடு சொல்லிவிடுகிறார். செய்தி சொன்னவர் யாரென்று சபைக்குத் தெரியும். அவர்களும் தாங்கள் சொன்னதற்குப் பொறுப்பேற்கிறார்கள். பெயரில்லாத கடிதத்தில் இந்த இரண்டும் கிடையாது. இன்றைக்கு அந்தக் கடிதம் வாட்ஸ்அப் வடிவில் வருகிறது. யார் எழுதியது என்று தெரியாமல் பகிரப்பட்டு, இரவோடு இரவாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிறது. சபைக் குழுவில் ஒருவர் சூடாக எழுதியதும், பதில் தட்டாமல் நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டிய சகோதரர்களை எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் தணிந்துபோன காரியங்கள் உண்டு. அதே சமயம், தனக்கு மேலே உள்ளவரால் பாதிக்கப்பட்டு, பெயர் சொல்லப் பயப்படுகிற ஒரு பெண்ணையோ பிள்ளையையோ, "நீயே போய் அவரிடம் பேசு" என்று திருப்பி அனுப்பக்கூடாது. அவர்களுக்குச் சபை அரணாக நிற்க வேண்டும். சட்டத்தின் உதவியையும் நாட வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்து, அப்படிப்பட்டவர்களோடு கூடவே நடந்த அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அடுத்து, மொழி. இந்த எல்லையின் தனிச்சிறப்பும் சோதனையும் அதுதான். ஓசூரில் ஒரு தெருவுக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும், சில ஆண்டுகளில் டைட்டனும் இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது, நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் விசுவாசிகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ராகத்தையும் ஆராதனை முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஒருவருக்குப் பாமாலை இல்லாமல் ஆராதனை இல்லை, இன்னொருவருக்கு ஞானப்பாட்டு, மற்றொருவருக்குக் கைதட்டிப் பாடினால்தான் மனம் நிறையும். மண்ணின் மக்களான தெலுங்கு, கன்னட விசுவாசிகளோ, இத்தனை தமிழ்க் குரல்களுக்கு நடுவே தங்கள் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

எருசலேமின் ஆதிச் சபையிலும் இதே பிரச்சினைதான் முதலில் வெடித்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் அதிசயமாக இருக்கும். முறையிட்டவர்களை யாரும் குழப்பக்காரர்கள் என்று சொல்லவில்லை. விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சபையைக் கூட்டினார்கள், ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பெரும்பான்மைச் சபை பந்தியை ஒப்படைத்தது. அதற்குப் பிறகு சபை மேலும் பெருகிற்று என்று அந்தப் பகுதி முடிகிறது. முறையீட்டைக் கேட்டதும் சபை வளர்ந்ததும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

அதே ஞானத்தோடு இங்கே நடந்துகொண்டவர்களுக்கு நன்றி. வேதபாட வாசிப்பில் ஒன்றைத் தெலுங்கில் வைத்தீர்கள். கன்னடம் பேசும் சகோதரரைக் கமிட்டிக்குள் கொண்டுவந்து, அவருக்காகக் கூட்டத்தின் பேச்சை நிறுத்தி நிறுத்தி விளக்கினீர்கள். கூட்டம் அரை மணி நேரம் நீண்டதை யாரும் குறையாக எண்ணவில்லை. இப்போது இன்னும் ஒரு திரள் வந்திருக்கிறது. மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளம்பெண்கள் வந்து, விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. சோட்டா நாக்பூர் மண்ணில் நம்மைப் போன்றே ஆழமான புராட்டஸ்டண்ட் மரபு ஒன்று இருக்கிறது. 1845இல் ராஞ்சிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரிகளின் பணியில் முளைத்த கோஸ்னர் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, 1919லேயே தன்னாட்சி பெற்றுவிட்டது. முண்டாரியிலும் ஓராவோன் மொழியிலும் ஹிந்தியிலும் பாடிப் பழகிய பிள்ளைகள் நம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், அவர்கள் அனாதைகளாக வரவில்லை. நம்மைப் போலவே ஒரு பெரிய வீட்டின் பிள்ளைகளாக வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிப் போய், தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில், "சாப்டீங்களா? வீட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போன அக்காமார்களே, சுவிசேஷத்தின் நல்ல பிரசங்கம் உங்கள் அடுப்படியில் நடந்தது.

மொழிக்கு அடுத்தது நேரம். கிராமத்துச் சபையில் மணி அடித்தால் எல்லோரும் வந்துவிடலாம். தொழிற்பேட்டை ஊரில் மணியை ஆலைச் சங்கு அடிக்கிறது. சி ஷிப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர் ஒன்பது மணி ஆராதனையில் கண்ணயர்ந்தால், அது பக்திக் குறைவில்லை, உடம்பின் களைப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு ஞாயிறு வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி போய்விடும். மூன்று வாரம் ஒருவர் வரவில்லையென்றால், "பின்வாங்கிட்டார்" என்று முடிவு கட்டுவது எளிது. நீங்களோ, "எந்த ஷிப்ட்ல இருக்கார்?" என்று முதலில் விசாரித்தீர்கள். மாலை ஆராதனையை ஏற்படுத்தினீர்கள். வாரநாளில் விடுப்பு உள்ளவர்களுக்காக வீட்டு ஜெபக்கூட்டத்தை மாற்றி வைத்தீர்கள். கேட்டுவிட்டு முடிவு செய்வதும் முடிவு செய்துவிட்டுக் கேட்காமல் இருப்பதும் ஒரு குடும்பத்தைச் சபைக்குள் வைக்கவும் வெளியே தள்ளவும் போதுமானவை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பற்றித் தனியே சொல்லாவிட்டால் இந்த மடல் குறைப்பட்டுப் போகும். பர்கூர்க்காரர்களுக்கு லூயிஸ் எல்லர்மன் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1913இல் வந்த இந்தச் செவிலியர் பர்கூரில் மருந்தகம் தொடங்கினார். பின்னாளில் ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனையாக வளர்ந்த மருத்துவ ஊழியத்துக்கு அவரே முன்னோடி. ஆண் மிஷனரிகள் வாசலோடு நின்ற வீடுகளில், நோயைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் ஒரு பெண் வேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். பிரசங்க மேடையை எட்டாத துக்கங்கள் சபையில் நிறைய இருக்கின்றன. குழந்தை தங்காத வேதனை, குடிக்கும் கணவன், திருமணம் தள்ளிப்போகும் மகள், மாமியாரின் மறதி நோய், வேலை போனதை மனைவியிடம்கூடச் சொல்லாத மகன். இவற்றையெல்லாம் கேட்டு, கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாமல், ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் வெளியே விடாமல் நெஞ்சில் சுமக்கிறீர்கள். பிறர் ரகசியத்தை ஜெபத்தின் போர்வையில் பரப்புவது நம் சபைகளின் பழைய வியாதி. அதற்கு மருந்து நீங்கள்தான்.

இனிப் பணத்தைப் பற்றி. இதைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான் காரியங்கள் கெடுகின்றன. தமிழ்நாட்டின் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்புகள் சிலவற்றில், தேர்தலும் சொத்தும் பற்றிய வழக்குகள் முற்றி, நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பொறுப்பில் நீதிமன்றம் விட வேண்டியதாயிற்று. விசுவாசிகள் போட்ட காணிக்கையில் ஒரு பங்கு வழக்குச் செலவுக்குப் போகிறது என்பதை நினைத்தால் நெஞ்சு வேகிறது. வழக்காடியவர்கள் அத்தனை பேரும் தீயவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழியின்றி நீதி தேடிப் போனவர்களும் உண்டு. ஆனால், ஒவ்வொரு பெரிய வழக்குக்கும் பின்னால், உள்ளூரில் பதில் கிடைக்காமல் போன ஒரு சின்னக் கேள்வி இருந்திருக்கும்.

அதனால்தான், மாதக் கணக்கை எழுதி ஆலய வாசலில் ஒட்டும் பொருளாளர்களை நான் பெரிய ஊழியக்காரர்களாக மதிக்கிறேன். கட்டட நிதியில் வாங்கிய சிமெண்டு மூட்டை முதல் வாட்ச்மேன் சம்பளம் வரை அதில் இருக்கும். வருடப் பொதுக்கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, "போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல வந்த பணம் எங்கய்யா?" என்று கேட்டால், முகம் சுளிக்காமல் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறீர்கள். நடவடிக்கைக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் கேட்டு, பிறகே கையெழுத்து வாங்குகிறீர்கள். தோற்ற தரப்பின் கருத்தும் அந்தக் குறிப்பில் இடம்பெறும்படி பார்த்துக்கொள்கிறீர்கள். இவை ஆவிக்குரிய காரியங்கள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எருசலேமில் பந்தி விசாரணைக்குத் தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடம் பரிசுத்த ஆவியும் ஞானமும் நற்சாட்சியும் இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது.

சாதியைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போனால் இந்த மடலே பொய்யாகிவிடும். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையைவிட்டு முற்றிலும் அகற்ற வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் திரளானோர் விலகிப் போனார்கள். இரண்டு நூற்றாண்டு நெருங்கியும், அந்த வேறுபாடு நம் கல்லறைத் தோட்டங்களிலும் கல்யாணப் பேச்சுகளிலும் தேர்தல் கணக்குகளிலும் உயிரோடிருக்கிறது. பல ஊர்க்காரர்கள் கலந்து வாழும் இந்தத் தொழில் நகரத்தில், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்ற விசாரிப்புக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லோருக்கும் முன்பாக, முகமுகமாய்க் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் காண்கிறோம். தனியே பேச வேண்டிய காரியம் உண்டு. சபையறியப் பேச வேண்டிய காரியமும் உண்டு. பந்தியிலிருந்து மனிதரை ஒதுக்குவது இரண்டாவது வகை. "கமிட்டிக்கு ஏன் எப்பவும் ஒரே பக்கத்து ஆட்களே வர்றாங்க?" என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்ட வாலிபர்களே, உங்களை உட்காரச் சொன்னார்கள். நீங்கள் சபையைவிட்டுப் போய்விடவில்லை. அந்தக் கேள்வியோடும் ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடியபோது, ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் குடியிருந்த சபையார் ஒரே நாளில் வேறு மாநிலத்தாராகிவிட்டார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலான வழிபாட்டிடங்கள் செப்டம்பர் முதல் தேதிதான் திறந்தன. அந்த மாதங்களில் சபை விவரப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டவர்கள் நீங்கள். இணையத்தில் பிரசங்கம் கேட்க ஆயிரம் வழிகள் இருந்தன. "அரிசி இருக்கா? மாத்திரை தீர்ந்துடுச்சா?" என்று கேட்கும் குரல் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. அப்போது பேசப்பட்ட வீடுகள் கதவு திறந்ததும் திரும்பி வந்தன.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று மொழிச் சபைக்கு, மாற்றலில் வந்து, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து, முந்தின போதகரோடு ஒப்பிடப்பட்டு, இரண்டு தரப்பாலும் தன் பக்கம் இழுக்கப்பட்டு ஊழியம் செய்கிறீர்கள். யாரையோ மனதில் வைத்துப் பிரசங்க மேடையிலிருந்து கல்லெறியாமல், சொல்ல வேண்டியதை அவர் வீட்டில் போய்ச் சொன்ன போதகர்களுக்கு நன்றி. மேடையில் இருப்பவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பதை உணர்ந்து அந்த அதிகாரத்தை அடக்கி ஆண்டீர்கள். உங்கள் பாரத்தையும் யாராவது கேட்க வேண்டும். அதை நாங்கள் போதிய அளவு செய்யவில்லை.

1947 செப்டம்பர் 27இல் சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தன் நற்கருணை வழிபாட்டு முறையை வெளியிட்டபோது, சமாதான வாழ்த்தைச் சபையார் அனைவரும் ஒருவருக்கொருவர் கைகளைப் பற்றிப் பரிமாறும் வழக்கத்தைச் சேர்த்தது. சீரியக் கிறிஸ்தவர்கள் பேணிவந்த பழைய வழக்கம் அது. மேலைநாட்டுத் திருச்சபைகள் தங்கள் வழிபாட்டைச் சீர்திருத்தியபோது இந்த முறையை உற்றுக் கவனித்தன. திருவிருந்துக்கு முன்னே பக்கத்திலிருப்பவர் கையைத் தொட்டாக வேண்டும் என்பதை உலகத்துக்கு நினைவூட்டியதில் நம் தென்னிந்திய மண்ணுக்கும் பங்குண்டு. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் கை நீட்ட முடியாத யாரோ ஒருவர் பெரும்பாலான சபைகளில் எதிர் வரிசையில் இருக்கிறார்.

ஆகவே, நன்றி சொன்ன கையோடு உங்களிடம் ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். நீங்கள் செய்துவருவதை உங்களோடு முடியவிடாதீர்கள். ஒவ்வொரு மூப்பரும் இளையவர் ஒருவரைச் சமரசப் பேச்சுக்குக் கூட்டிப் போங்கள். கேட்பது எப்படி என்று அவர் பார்த்துப் பழகட்டும். கமிட்டியில் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் புதிதாக வந்த தொழிலாளர்களுக்கும் இடம் கொடுங்கள். பேசவும் நேரம் கொடுங்கள். கணக்கை வாசலில் ஒட்டுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் பயமின்றி வந்து சொல்ல, நம்பிக்கைக்குரிய இருவரின் பெயரைச் சபையறிய அறிவியுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

இதை வாசிக்கும் சபையாரே, உங்களுக்கும் சொல்கிறேன். யாரோடு நீங்கள் பேசாமலிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்பாக அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். தனியாகப் போங்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
ஓசூர்